ஐந்து புள்ளி இரண்டு மில்லி

டெய்சி கண்ணு,

நீ உயிரோடு இருந்தபோது உன்னை ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே ஷிப்டில் நர்ஸ் வேலை பார்த்தால் கொஞ்சுவதற்கு எங்கே நேரம்? வீட்டில் சண்டை போட்டுவிட்டு, சேலையூர் பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவோம். வார்டுக்குள் நுழைந்ததும் பேசிவிடுவோம். இப்போது கூப்பிடுகிறேன். கேட்கிறதா உனக்கு?

கேஸ் முடிந்துவிட்டது. பேப்பரில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரியில் நீ இல்லை. அதனால்தான் ஊரே படிக்கட்டும் என்று உனக்கு இதை எழுதுகிறேன்.

உனக்குக் கணக்கு வராது. நர்சிங் படிக்கும்போது மருந்தளவுக் கணக்கில் இரண்டு முறை ஃபெயில். அந்தப் பயத்தில் ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு தடவை கணக்குப் போடுவாய். உதடு அசைந்துகொண்டே இருக்கும். "என்னடி ஜெபமா பண்ற?" என்று கேலி செய்வேன். "உங்களுக்குச் சட்டுனு வந்துடுது அண்ணி. எனக்கு எங்க?" என்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுமதி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூன்று வயதுப் பெண். வலிப்பில் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கூடவே சுமதியின் கொழுந்தன் கோபி, அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நீ உடனே மூக்கில் மருந்தை அடித்தாய். வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. டாக்டர் போனில் அடுத்த மருந்தைச் சொன்னார். எடையில் கிலோவுக்கு இருபது மில்லிகிராம். சலைனில் கலந்து மெதுவாக இறங்க வேண்டும். தான் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார்.

"குழந்தை எத்தனை கிலோ?" என்று கேட்டாய். சுமதி சொல்வதற்குள் கோபி கத்தினான்: "இருவது கிலோ கீது. போடு ஊசிய!"

நீ நம்பவில்லை. குழந்தையோடு சுமதியை மெஷினில் ஏற்றினாய். பிறகு குழந்தையை நீ வாங்கிக்கொண்டு அவளை மட்டும் நிற்க வைத்தாய். கழித்துப் பார்த்தாய். பதிமூன்று.

பதிமூன்று கிலோவுக்கு இருநூற்று அறுபது மில்லிகிராம். ஒரு ஆம்பியூல் குப்பியில் இரண்டு மில்லி மருந்து, அதில் நூறு மில்லிகிராம். அப்படியானால் ஐந்து புள்ளி இரண்டு மில்லி. கோபி சொன்ன எடைக்கு எட்டு மில்லி போயிருக்கும். அந்தச் சின்ன இதயம் நின்றே போயிருக்கலாம்.

சரியான விடை வந்த பிறகும் நீ மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

"இன்னாடி கணக்கு போட்டுகினு கீற? கொழந்த சாவுதுடி!" கோபியின் முதல் அறை அப்போதுதான் விழுந்தது. பக்கத்து அறையில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. நான் ஓடி வந்தபோது கூட்டாளிகள் கண்ணாடிக் கதவை உதைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். உன் கொண்டை கோபியின் கையில். தலை பின்னால் வளைந்து கிடக்கிறது, உதடு கிழிந்து ரத்தம் வழிகிறது, கண் மட்டும் சிரிஞ்சின் கோட்டில் நிற்கிறது. அந்த உதடு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, டெய்சி. நான் என் கண்ணால் பார்த்தேன்.

நான் அவன் கையைப் பிரித்துவிட, நீ மருந்தைக் கலந்து ஏற்றியும் விட்டாய். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்ததும் அவனுக்கு வெறி ஏறியது. "மொத்தமா உட்டுத் தொலடி!" என்று டியூபின் மேல் பாய்ந்தான். நீ குறுக்கே விழுந்தாய். அவன் உன் தலையைப் பிடித்துக் கட்டிலின் இரும்பு விளிம்பில் மோதினான். மறுபடியும் மோதினான். நான் ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகில் அடித்தேன். அவன் திரும்பினான், முகத்தில் அடித்தேன். பல் உடைந்து தரையில் விழுந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆண்டவர் என்ன நினைப்பாரோ, நினைத்துக்கொள்ளட்டும்.

"அண்ணி, சொட்டக் கூட்டிடாதீங்க" என்றாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

மருந்து இறங்கி முடிவதற்குள் குழந்தையின் வலிப்பு நின்றுவிட்டது. உன்னைத்தான் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. ஆபரேஷன் செய்தும் நீ கண்ணைத் திறக்கவில்லை.

கோபி ஜாமீனில் வந்தான். கேம்ப் ரோட்டில் டீக்கடை வாசலில் சிரித்துக்கொண்டு நின்றவனை உன் அண்ணன் பார்த்துவிட்டார். நேராகத் திருமுடிவாக்கத்தில் தான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போய் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். விஷயம் தெரிந்து நானும் ஓடினேன். தடுக்கத்தான் ஓடினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் எதற்குப் பொய்? பார்க்கத்தான் ஓடினேன். அவர் கோபியின் பைக்கை நொறுக்கினார். கம்பியை அவன் தலைக்கு ஓங்கியபோது கடைக்காரரும் ஆட்டோக்காரர்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் நடுரோட்டில் உட்கார்ந்து "பாப்பா, பாப்பா" என்று அழுதார். உன்னை அவர் அப்படிக் கூப்பிட்டதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

கோர்ட்டில் கோபியின் வக்கீல் உன் பழைய மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "குழந்தை துடிக்கும்போது இவங்க கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க. கணக்கே தெரியாத நர்ஸ். வீட்டுக்காரங்களுக்குக் கோபம் வராதா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கெட்டிக்காரங்களாமே சிஸ்டர். பதிமூணு கிலோவுக்கு எத்தனை மில்லி? சொல்லுங்க, சீக்கிரம்! இதுக்கு எவ்வளவு நேரம்?" மேசையைத் தட்டினார். "சொல்லுங்க!"

"பத்து புள்ளி நாலு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆத்திரத்தில் இரண்டால் இரண்டு முறை பெருக்கியிருந்தேன். வக்கீலுக்குத் தெரியவில்லை. அங்கே யாருக்குமே தெரியவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

"ஐயா, நான் சொன்னது தப்பு" என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன். "அது ரெண்டு மடங்கு மருந்து. இங்க என்னை யாரும் அடிக்கல. சார் சத்தம்தான் போட்டாரு, அதுக்கே எனக்குத் தப்பிடுச்சு. அவ முடியைப் பிடிச்சு இழுக்கும்போது போட்ட கணக்குங்க அது. சரியா போட்டா."

நீதிபதி பேனாவை எடுத்தார். என்னைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு படியாகத் தானே போட்டுப் பார்த்தார். கோர்ட்டே அவர் முடிக்கும்வரை காத்திருந்தது.

அடுத்து சுமதி ஏறினாள். புருஷன் வீட்டார் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, "இருவது கிலோன்னு சொன்னது இவர்தான். சிஸ்டரை மோதினதும் இவர்தான்" என்று கைநீட்டிச் சொன்னாள். கோபிக்கு ஏழு வருஷம் கிடைத்தது. அவனுக்கு அது போதுமா? எனக்குப் போதாது.

சாட்சி சொன்ன அன்றே சுமதியை அடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். இப்போது முடிச்சூரில் ஒற்றை அறையில் குழந்தையோடு இருக்கிறாள். போன வாரம் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் தழும்பு இன்னும் மறையவில்லை. உன் அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். "எதுக்கு வந்த?" என்று நாய் மாதிரிக் குரைத்தேன்.

"பாப்பாவுக்கு டாக்டர் வலிப்பு சிரப்பை மாத்தியிருக்காருக்கா. எவ்ளோன்னு சீட்டுல எழுதிக்கீறாரு, எனக்குப் புரியல. ஸ்பூன்ல ஊத்திக்கினு கீறேன். சரியான்னு தெரியல. பயமா கீது."

அவள் பையிலிருந்து எடுத்தது குழம்பு ஊற்றும் கரண்டி, டெய்சி! அதைப் பிடுங்கி வீசினேன். சுவரில் பட்டு விழுந்தது. குழந்தை அலறிவிட்டது. பிறகு உள்ளே கூட்டிப்போய், குழந்தையை எடை பார்த்து, டாக்டர் சீட்டையும் பாட்டிலையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் பேனாவால் கோடு கிழித்துக் கொடுத்தேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து அதைக் குடித்தது. உதட்டை நக்கிக்கொண்டு இன்னும் வேண்டும் என்றது.

அந்தக் குழந்தை மேல் எனக்கு இன்னும் பாசம் வரவில்லை. வரும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவளைத் தொட்டபோது, நீ இல்லாமல் இவள் எதற்கு என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனாலும் அவள் வளர வளர மருந்தின் அளவு மாறும். ஒவ்வொரு முறையும் அவளை நானே எடை பார்ப்பேன். அவளுக்குள் போகும் மருந்து ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. அதற்கு நான் பொறுப்பு.

உன் அண்ணி,
விமலா