வாழைக்கறை

ஞாயிறு, இரவு

இன்று அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான்தான். மாப்பிள்ளையின் அப்பாவிடம் அத்தான் என்னைக் காட்டி, "மச்சான் ஜுருல ஃபேக்டரி சூப்பர்வைசர்" என்றார். கூசாமல் சொன்னார்.

"இல்லைங்க. கெப்பாலா பத்தாஸ்ல வாழைத்தோட்டம் வச்சிருக்கேன்" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "தோட்டமா? இப்ப நாட்டுக்கே ஃபேக்டரிதான் சோறு போடுது லா, தம்பி."

"அந்தச் சோத்துக்கு அரிசி வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வருது, அண்ணே. கப்பல் வரலேன்னா ஃபேக்டரில செஞ்சதையா திங்க முடியும்?"

அக்கா என்னை வெளியே இழுத்து வந்தாள். "மானத்த வாங்கிட்டியேடா!" அதே மூச்சில், "கல்யாணத்துக்கு வாசல்ல கட்ட குலை தள்ளின வாழை ரெண்டு வேணும். பந்திக்கு எலையும் உன் தோட்டத்துலேருந்துதான். லோரில அனுப்பிடு. நீ தூக்கிட்டு வராத, சட்டையெல்லாம் கறையாயிடும்" என்றாள்.

என் வாழை வேண்டும், என் தொழில் மட்டும் வேண்டாம்.

முடியாது. நானே வெட்டுவேன், நானே தூக்கிக்கொண்டு போய் வாசலில் கட்டுவேன். வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அந்தச் சட்டையோடுதான் மணமேடையில் தாய்மாமனாக நிற்பேன். அப்போது எந்த ஃபேக்டரி என்று அத்தான் சொல்லட்டும், கேட்கிறேன்.