முத்தாயம்மாள் சுட்ட அரசாணிக்காய்

பெண்கள் விடுதி, சேலம்
8-2-1943

அன்புள்ள சாரதாமணிக்கு,

நலம். நீ கேட்ட செய்முறையை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். முதலில் ஒரு வருத்தம். சங்ககிரியில் எங்கள் வீட்டில் நீ ஆசையாய்ச் சாப்பிட்ட, உள்ளே நிரப்பிச் சுட்ட அரசாணிக்காயை, 'மஞ்சள் பூசணியில் என் புதுமை' என்று நாமக்கல் பொருட்காட்சியில் வைத்துக் கோப்பை வாங்கினாயாம். பேப்பரில் படித்து அம்மாவிடம் சொன்னேன். "நம்மூட்டுல தின்ன புள்ளைக்கு நம்ம பேரைச் சொல்ல வாய் வரலியா சாமி?" என்றாள்.

அன்று பொருட்காட்சிக்கு இட்லிப் பானையில் அவித்துக் கொண்டுபோனாய். இப்போது கஞ்சித்தொட்டி திறக்கும் நாளில், அரிசியில்லாமல், கங்கில் சுட்டுக் காட்டச் சொல்கிறார் உனக்குக் கோப்பை தந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மா. கவலை வேண்டாம். சாமையோ சோளக்குருணையோ வேகவைத்துப் போடு. தட்டைப்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை சேர்த்தால் நோயாளிக்கும் தெம்பு வரும். ஒன்றுமில்லாத நாளில் அம்மா மரவள்ளிக் குச்சிக்கிழங்கைத் துருவிப் போடுவாள். காயின் தலையை வெட்டி, விதை நீக்கி, நிரப்பி, திரும்ப மூடிக் களிமண் பூசிக் கங்கில் புதைக்க வேண்டும்.

உன் தோழி,
கமலவேணி

நாமக்கல்
20-2-1943

கமலவேணி,

நீ எழுதியபடியேதான் செய்தேன். இன்ஸ்பெக்டரம்மா அடுப்பை நெருங்கும்போது காய் வெடித்தது. அவர் புடவையெல்லாம் சாமையும் சாம்பலும். நல்லவேளை, காயமில்லை. "உன் கண்டுபிடிப்புன்னியே, உனக்கே செய்யத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். பயத்தில், இது சங்ககிரி முத்தாயம்மாள் சொன்ன முறை, தப்பு அவர்களுடையது என்று சொல்லிவிட்டேன். கோப்பை என்னிடமே இருக்கிறது. ஏன் வெடித்தது என்று உன் அம்மாவைக் கேட்டு எழுது.

சாரதாமணி

சேலம்
24-2-1943

சாரதாமணி,

அம்மாவைக் கேட்க வேண்டியதில்லை. மூடியில் கோணி ஊசியால் துளை போடாமல் அவள் எந்தக் காயையும் கங்கில் வைத்ததில்லை. ஆவி போக வழி வேண்டும். அதை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. நீ தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் பாதிவரை சந்தோஷமாகவே படித்தேன். கோப்பை வாங்கும்போது வராத அம்மா பெயர், காய் வெடித்ததும் வந்துவிட்டதே.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இன்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். துளையை மறைத்தவள் நான் என்று எழுதினேன். அந்தப் பலகாரத்தை நீ எங்கே சாப்பிட்டாய் என்றும் எழுதினேன். விடுதியை விட்டு என்னை அனுப்பினாலும் அனுப்பட்டும். கோப்பை உன்னிடம் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் படி இனி ஏறாதே.

வார்டனம்மா விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கமலவேணி