ஷெட்டுக்கு இழுத்த ஒயர்

செப். 26, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட புடவை காயவில்லை. முட்டித் தைலம் தீர்ந்தது.

விளக்குமாறு எடுக்க கார் ஷெட்டுக்குப் போனேன். ஷட்டரில் கை வைத்ததும் முழங்கை வரை சுர்ரென்று இழுத்தது. பத்து நிமிடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் தெரியும். மருமகள் கௌரிக்குப் புது கரண்ட் ஸ்கூட்டர். அதைச் சார்ஜ் போட மகன் சிவராஜ் சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, ஷட்டருக்கு அடியில் நுழைத்திருக்கிறான். தினமும் ஷட்டர் இறங்குவது அந்த ஒயர் மேல்தான். தோல் உரிந்து கிடக்கிறது. மிக்ஸி ஓடும் பாயிண்டில் வண்டி!

சாயங்காலம் சொன்னேன்.

"ஷட்டர் ஷாக் அடிக்குதுடா."

"உனக்கு வாதம்மா. கை மரத்திருக்கும்."

"ஷட்டரைத் தொட்டா மட்டும் வர்ற வாதமா?"

"நான் எஞ்சினியர், நீ அஞ்சாங்கிளாஸ். சும்னிரும்மா, பேசாத."

கம்ப்யூட்டர் எஞ்சினியர். இவன் பல்பு மாற்ற ஏறினால் நாற்காலியை நான் பிடிக்க வேண்டும். அஞ்சாங்கிளாஸ்தான். கொள்ளேகால் பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் முதல்.

செப். 27, சனி

வெயில். பீன்ஸ் பொரியல் அடிப்பிடித்தது. கவனம் எல்லாம் ஷெட்டில்.

ப்ளக்கைப் பார்த்தேன். மூன்று பின்னில் தடித்தது இல்லை. பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நுழையவில்லை என்று அறுத்து எடுத்திருக்கிறான்! அதுதான் எர்த் பின் என்று எனக்கே தெரியும். படித்தவனுக்குத் தெரியாதா?

கௌரி வந்து, "அத்தை, புதன்கிழமை ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவோணும். பெரிய பக்கெட் எங்கீங்க?" என்றாள்.

செருப்பில்லாத கால். ஈரத் தரை. ஷட்டர்.

"ஒயர் இருக்கற வரைக்கும் அங்க போகாத கண்ணு."

"நானும் சொல்லிப் பாத்துட்டேனுங் அத்தை. கேக்கறதே இல்லீங்."

செப். 29, திங்கள்

மாத்திரை போட மறந்தேன். தேங்காய் 2, பூசணிக்காய் 1, எலுமிச்சை 6, செவ்வந்தி வாங்க வேண்டும்.

சிவராஜ் ஹெப்பாள் ஆபீசுக்குப் போனதும் எலக்ட்ரீஷியன் பசவராஜுக்குப் போன் போட்டேன். பாதி கன்னடம், பாதி தமிழ் பேசும் ஆள். ஷட்டரில் டெஸ்டர் வைத்தான். சிவப்பாக எரிந்தது.

"அய்யய்யோ! தூர நில்லுங்கம்மா. இது யார் மாடித கெலசம்?"

"என் மகன் பண்ணின வேலைதான். எஞ்சினியர்."

"அதான்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குக் காபியோடு இரண்டு நிப்பட் தட்டை வைத்தேன்.

அவன் சொன்னது, மறக்காமல் இருக்க:
– மீட்டர் போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன். குழாய்க்குள், மண்ணுக்கு அடியில். ஜன்னல் வழியாக இல்லை.
– 15 ஆம்ப் பாயிண்ட், தடித்த ஒயர்.
– ட்ரிப் சுவிட்ச். ஆள் மேல் கரண்ட் பாய்ந்தால் தானே விழும் வகை. கேட்டு வாங்க வேண்டும்.
– ஷட்டருக்கும் எர்த்.

பிறகு வீட்டு எர்த் வேலை செய்கிறதா என்று பல்பு வைத்துப் பார்த்தான். எரியவே இல்லை.

"எர்த் குழி எல்லிம்மா?"

வாசலைப் பார்த்தேன். பொங்கலுக்கு முன் டைல்ஸ் போட்டபோது, கோலம் போடும் இடத்தில் நடுவே ஒரு குழியும் குழாயும் என்ன அசிங்கம் என்று மேஸ்திரியிடம் வெட்டி மூடச் சொன்னது யார்? நான். தண்ணீர் ஊற்றும் குழாய்தானே என்றுதான் நினைத்தேன். கோலம் நன்றாகத்தான் விழுந்தது. இத்தனை மாதம் முழு வீட்டுக்கும் எர்த் இல்லை.

"தெரியல, தேடிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பொய்.

எர்த் இல்லாமல் லைன் போட மாட்டானாம். ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போனான்.

செப். 30, செவ்வாய்

மேகமூட்டம். சிவராஜ் கத்தினான். "என்னைக் கேக்காம எதுக்கும்மா ஆளக் கூப்ட்ட? மானம் போகுது!" யார் மானம்? நானும் கத்தினேன். அறுத்த பின்னைப் பற்றி மட்டும் கத்தினேன். குழியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அவன் மேல் கோபமா, என் மேலேயா, தெரியவில்லை. சோறு இறங்கவில்லை.

அக். 1, புதன். ஆயுத பூஜை

காலை ஏழு மணி. ஒயர் மறுபடி ஜன்னலில்! "பூஜை அன்னிக்கு வண்டி செத்துக் கிடக்கணுமா?" என்கிறான். கௌரி பக்கெட்டோடு ஷெட்டை நோக்கிப் போகிறாள். வெறுங்கால்.

ஓடினேன். இந்த முட்டியோடு. சமையலறை சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினேன். ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து இழுத்து உள்ளே போட்டேன்.

"பைத்தியமாம்மா உனக்கு?"

"ஆமாடா. நீ பின்னை அறுத்த. நான் குழியையே மூடினேன். எர்த் குழி இந்தக் கோலத்துக்கு அடியில இருக்கு. நான்தான் மூடச் சொன்னேன். இப்ப சிரி."

அவன் சிரிக்கவில்லை. பக்கெட்டை, கௌரியின் காலை, ஷட்டரைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போனது.

"எடுத்துட்டு வா கடப்பாரையை" என்றேன்.

"பூஜைல வெச்சாச்சும்மா. பொட்டு வேற வெச்சுட்ட. இன்னிக்கு எடுக்கக் கூடாது."

அது சரிதான். ஒயர் என் பீரோவுக்குள், பூட்டி. நாளை காலை அவன் டைல்ஸை உடைக்க வேண்டும். அவன் உடைக்காவிட்டால் நான் உடைப்பேன்.