பாயில் மிஞ்சிய கலியாண பிளவுஸ்

இன்று காலை பாடசாலைச் சீருடைக்கு வந்த வெள்ளைத் துணிக்கட்டைப் பிரித்தோம். கோடித் துணியின் வாசம் தையல் அறை முழுக்கப் பரவியது. கத்திரிக்கோலும் கையுமாய் அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் முதலில் முகத்தை அதற்குள் புதைத்திருப்பாய். "இஞ்ச வாகா, மணந்து பாரு. தொடங்க முந்தி வேலைக்கு ஒரு வாசம் இரிக்கி" என்று என்னையும் பிடித்து இழுத்திருப்பாய். எனக்குத் தும்மல் வரும், உன்னை ஏசியிருப்பேன். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி ஒரு பெருநாளும் கழிந்துவிட்டது. இன்னும் யாரையும் அப்படி ஏச வாய் வரவில்லை.

கம்பஸில் நமக்கு மெய்யியல் வந்து வாய்த்தது வேறு பாடம் கிடைக்காததால்தான். நான் அதைப் பரீட்சைக்குப் படித்தேன், நீ அதற்குள் குடியேறிவிட்டாய். வேலை பற்றி முன்னோர் கண்ட கனவுகள் என்றால் உனக்குச் சோறு தண்ணி வேண்டாம். தறி தானாக நெய்தால் அடிமை எதற்கு என்று கிரேக்கத்தில் ஒருவர் யோசித்தாராம். எல்லாரும் கொஞ்ச நேரம் பாடுபட்டுவிட்டு மிச்ச நேரம் படிக்கிற ஒரு தீவை இன்னொருவர் கற்பனை செய்தாராம். ஒரே தொழிலின் பெயருக்குள் மனிசனைப் பூட்டி வைக்காதே என்று ஒருவர், வேலை மேல் பிடிக்கும் பைத்தியமே ஒரு நோய் என்று கோபக்காரர் ஒருவர். அவர்களையெல்லாம் நம் ஊர் கல்முனைக்குடியில் பக்கத்து ஒழுங்கை ஆட்களைப் போலத்தான் நீ கதைப்பாய்.

ஒருநாள் வகுப்பில் விரிவுரையாளர் உன்னை மறித்தார். "சரி பிள்ளை, எல்லாரும் விரும்பின வேலையைச் செய்தால் கக்கூஸ் கழுவுறது ஆர்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாய். அந்தக் கேள்வி உன்னை விடவேயில்லை. ஊருக்கு வந்து, தையல் அறை தொடங்கி, தலையில் நரை தட்டிய பிறகும் அதையே சுமந்து திரிந்தாய்.

பின்னேரங்களில் கடற்கரை மணலில் நடக்கும்போது நீ சொல்லும் கல்முனை எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. அந்தக் கல்முனையில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கடைகள் திறந்திருக்காது. பஸ் ஓட்டுகிறவர் தோணியில் சாய்ந்து புத்தகம் வாசிப்பார். மீன்காரரின் மகள் நட்சத்திரம் பார்க்கப் படிப்பாள். அலை வந்து செருப்பை நனைப்பதுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போவாய். எனக்குத்தான் பொறுக்காது. "நற்பிட்டிமுனை வயலுக்கு அறுக்கிற மெசின் வந்திச்சே, ஆக்களுக்குப் பின்னேரம் கிடைச்சா? வேல போய்க் கட்டாருக்கு டிக்கட்தான் கிடைச்சிச்சு" என்பேன். "ஓம்கா, அதுதான் நாம சின்னதா ஒண்டு செஞ்சு பாக்கணும்" என்பாய்.

அந்தச் சின்னதுதான் இந்த அறை. முதலாளி இல்லை. காலையில் வந்த வேலைகளையெல்லாம் நடுவில் ஒரு பன்புல் பாயில் பரப்பி வைப்போம். அவரவர் விரும்பினதை எடுக்கலாம். கிடைக்கிற காசு எல்லாருக்கும் சமம். பள்ளியில் அஸர் பாங்கு சொன்னால் மெசின் நிற்கும். உனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது புத்தகமில்லை, நம் கலியாண வீட்டுச் சஹன் என்பாய். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். "ஆரு எவ்வளவு திண்டண்டு சஹனில ஆரும் பாக்கிறல்ல. வேலையும் அப்பிடி இரிக்கட்டுமே." பாண்டிருப்பிலிருந்து வரும் மல்லிகா அதைக் கேட்டுச் சிரிப்பாள். நம்மில் மூத்த ஹபீபா ராத்தா, "பசி வந்தாத் தெரியும்" என்பார்.

பிறகு அந்தக் கலியாண பிளவுஸ் வந்தது. வெள்ளைப் பட்டு, கழுத்துக்கும் கைக்கும் மணி கோர்க்க வேண்டும். நம் எல்லாருக்கும் உயிரான வேலை அது. மற்றதெல்லாம் ஓட்டோக்காரர்களின் எண்ணெய்க் காற்சட்டை, கிழிந்த சாக்குப் போன்ற திரைச்சீலை, பிய்ந்த ஸிப். நாளுக்கு நாள் பாய் வெறுமையானது. எண்ணெய்க் காற்சட்டையைக்கூடப் போட்டி போட்டு எடுத்தார்கள். பெண்ணின் உம்மா வியாழக்கிழமை மத்தியான லுஹர் தொழுகை கழித்து வாசலில் வந்து நின்று, "நாளைக்கு நிக்காஹ், தாங்க மகள்" என்று கேட்டபோது, பட்டு மடித்தபடி பாயில் கிடந்தது.

ஒருத்தரும் தொடவில்லை. ஹபீபா ராத்தா மல்லிகாவுக்கென்று விட்டிருக்கிறார். மல்லிகா எனக்கென்று விட்டிருக்கிறாள். நான் உனக்கென்று, நீ ஹபீபா ராத்தாவுக்கென்று. சஹனில் கடைசி இறைச்சித் துண்டை ஆளுக்காள் "நீ எடு, நீ எடு" என்று தள்ளித் தள்ளி ஆறவிடுவோமே, அதே கதைதான். அந்த உம்மா ஏசிய ஏச்சு தெருமுனைக்கே கேட்டது. அன்று அஸருக்கு மெசின் நிற்கவில்லை. பட்டை வெட்டி, ஆளுக்கொரு துண்டை மடியில் வைத்து மணி கோர்த்தோம். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்வதற்குள் தைத்து முடித்துக் கொடுத்தோம். வலது கையில் மணி கூடிப்போனதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த உம்மா போன பிறகு நீ பாயில் மல்லாந்து கிடந்து சிரித்தாய். "அந்தக் கம்பஸ் சேர் கேட்ட கேள்வியே பிழை புள்ள. ஊத்த வேலைக்கு இஞ்ச ஆள் இரிக்கி. நல்ல வேலைக்குத்தான் ஆளில்ல!" நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் உன் முகம் மாறிவிட்டது. எழும்பி உட்கார்ந்தாய். "இது நல்ல குணமில்லகா. பழக்கம். இறைச்சிய வாப்பாக்கும் காக்கா தம்பிமாருக்கும் தள்ளிப்போட்டு எலும்பச் சூப்பின ஆக்கள் நாம. இந்தப் பழக்கத்தோட எந்தத் தீவு கட்டினாலும் நாம அடுப்படியிலதான் இரிப்பம்."

அதற்குப் பிறகு ஒரேயொரு சட்டம் வைத்தாய். பாயில் உள்ள ஆக நல்ல வேலையை முறை வைத்து ஒவ்வொருத்தர் எடுக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல ஏலாது. "நல்லத எடுக்கிறதும் ஒரு வேலதான், பழகுங்க" என்றாய். ஹபீபா ராத்தா தன் முறைக்கு நிக்காஹ் சால்வை ஒன்றை எடுக்க முந்திக் கையை இரண்டு தரம் கழுவினார். எண்ணெய்க் காற்சட்டைக்கு அவர் ஒருநாளும் கழுவியதில்லை.

நீ போனபிறகு எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அறை ஓடுகிறது. ஆனால் கடல் பக்க யன்னலோரத்து உன் மெசின் மட்டும் சும்மா இருந்தது. அறையிலேயே காற்றும் வெளிச்சமும் அங்கேதான். எல்லாரும் ஆளுக்காள் "நீ இரி" என்பார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். உன்னுடைய இடத்தில் இருப்பது களவு போலப் பட்டது. வெயில் குத்தும் வாசலோரத்திலேயே இருந்து, பாயிலிருந்து ஊத்த வேலைகளாய்ப் பொறுக்கி எடுத்தேன். அதுதான் உன்னை நினைக்கும் வழி என்று எண்ணியிருந்தேன்.

இன்று துணிக்கட்டின் முன் நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஹபீபா ராத்தா என் தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் யன்னலோரம் வைத்தார்.

"உன்ட முற" என்றார்.

"எனக்கு ஏலா ராத்தா."

"ஏலாண்டு சொல்ல ஏலாண்டுதானே அவ சொன்னவ."

போய் உட்கார்ந்தேன். கடல் தெரிந்தது. காற்று வந்து துணியைப் புரட்டியது. எவ்வளவு சுகமான இடத்தில் நீ இருந்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது, அழுதேன். எழும்பவில்லை.