இடது காலுக்கு மட்டும் நீள முள்

அன்புள்ள வாலுக்கு,

பல் செட்டுக்கார அப்பன் எழுதிக்கொள்வது. நான் நலமா என்று கேட்காதே, கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். நீ நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் பேசியிருக்கலாம். ஆனால் "பெடல் வாங்கியாச்சா?" என்று நீ கேட்கும்போது கணீரென்று கேட்கிற, நீ சைக்கிள் பந்தயத்துக்குப் பழகுகிற அந்த மலை, "கால் எப்படிம்மா இருக்கு?" என்று நான் கேட்டதும் சிக்னலை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் பார்சலுக்குள் இதையும் மடித்து வைத்தேன். நீ முதலில் பெடலைத்தான் எடுப்பாய், எனக்குத் தெரியும். எடுத்துப் பார், என்னைத் திட்டு, திட்டி முடித்துவிட்டு இதைப் படி.

முதலில் தெருச் செய்தி. மாடி வீட்டு அம்மாள் பால்கனியில் நின்று தும்மியதில் மேல்வரிசைப் பல் மொத்தமும் தெருவில் விழுந்து, அதன்மேல் ஒரு ஆட்டோ ஏறிவிட்டது. உடைந்ததைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, வாயைக் கையால் மூடியபடி வந்தாள். "சிரிக்காம செஞ்சு குடுங்க" என்றாள். அவள் படியேறிப் போகிறவரை சிரிக்கவில்லை. அதற்குமேல் என் பொறுப்பில்லை. இறுக்கமாக இருக்கிறது, வலிக்கிறது என்று போன மாதம் இரண்டு முறை வந்து தளர்த்திக்கொண்டு போனவள் அவள்தான். நன்றாகப் பிடிக்கவும் வேண்டும், வேண்டியபோது கழற்றவும் வர வேண்டும். என் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. உன்னுடையதும் அப்படித்தான் என்பது அந்தச் சைக்கிள் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அதுவரை பெடல் என்றால் காலால் மிதிக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். கடைக்காரியிடம் அப்படியே சொல்லியும் தொலைத்தேன். உன்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். அரைக்கால் பேன்ட், முழங்காலுக்குக் கீழே தேங்காய்த் துருவியில் தேய்த்த மாதிரி தழும்புகள். பூனை வளர்க்கிறாயா என்று கேட்டேன். "பெடல் சார். கால் வழுக்கினா அது சுத்தி வந்து கடிக்கும்" என்றாள். கடிக்கிற சாமான் என்றால் நம் துறையாயிற்றே. அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஷூவைக் கொக்கியில் மாட்டிப் பூட்டுகிற பெடல் ஒரு சாதி, சும்மா காலை வைத்துக்கொள்கிற தட்டைப் பெடல் இன்னொரு சாதி என்றாள். நீ கேட்டது தட்டை. ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் பரப்பினாள். பாறையில் இடிக்காமல் இருக்க மெலிசாக இருக்க வேண்டுமாம். பாதம் உள்ளே உட்கார நடுவில் லேசான குழி. ஓரத்தைச் சுற்றி, மேலும் கீழும், திருகி மாட்டுகிற குட்டி முட்கள். முள்ளுதான் பிடி. வெறுமனே சொன்னால் எனக்கு ஏறாது என்று புரிந்துகொண்டு, ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்றை மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளில் என்னை ஏற்றிவிட்டாள். தொந்தியோடு நான் அதன்மேல் எழுந்து நின்ற காட்சியை நீ பார்த்திருந்தால் மலையை விட்டு இறங்கியே வந்திருப்பாய். "குதிகாலைக் கீழ இறக்குங்க சார். கைப்பிடிய நெரிக்காதீங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அதட்டினாள். இறக்கினேன். கால் ஒட்டிக்கொண்டது. பக்கவாட்டில் நகர்த்தினால் நகரவில்லை, மேலே தூக்கினால் வந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த மாதிரி ஒரு மேல்வரிசை செய்ய முடிந்தால் மாடி வீட்டு அம்மாள் எனக்குச் சிலையே வைப்பாள்.

ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். அப்புறம்தான் நீ சொல்லியனுப்பியதைச் சொன்னேன். வலது பெடலில் இருக்கிற முள்ளே போதும், இடதில் மட்டும் எல்லா முள்ளையும் எடுத்துவிட்டு இருப்பதிலேயே நீளமானதைப் போட வேண்டும் என்று. அவள் கை நின்றுவிட்டது. "முன்னாடி ரெண்டு நீளம், பின்னாடி ரெண்டு நீளம்னு மாத்திப் போடுவாங்க சார். ஆனா ரெண்டு காலுக்கும் ஒண்ணா போடுவாங்க. இது என்ன ஒத்தக் கால் கணக்கு?" என்றாள். பந்தயக்காரர்களுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்றேன். கோச்சுக்கு மலையடிவாரத்திலேயே கடை இருக்கிறதே, அதை விட்டுவிட்டு உங்கள் பெண் இவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வாங்குகிறாள் என்று கேட்டாள். அப்பா கையால் வாங்கினால் ராசி என்று நினைக்கிறாள் போல என்று சொல்லி, சட்டைக் காலரைக்கூடத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கீழ குனிஞ்சு காலைப் பாத்துக்கிட்டே பாறையில இறங்க முடியாது சார். கண்ணு பாதையில இருக்கணும். பெடல்ல கால் எங்க இருக்குன்னு காலேதான் சொல்லணும். அது சொல்லலன்னாதான் இப்படி ஆணி அடிச்சு நிறுத்தற மாதிரி கேப்பாங்க. உங்க பொண்ணுக்கு இடது கால்ல ஏதாவது அடியா?" போன வருஷம் விழுந்தாள், வெறும் சதைப் பிடிப்புதான் என்று அவளே சொன்னாள் என்றேன். நீ கேட்டபடியே முள்ளை மாற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு முள்ளாக, மெதுவாகத் திருகினாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்கு இதை ஒரு நாடகமாகவே நடித்துக் காட்டினேன். கட்டில் விளிம்பில் தொந்தியோடு ஏறி நின்று சைக்கிள் ஓட்டினேன். கடைக்காரி குரலில் "ஒத்தக் கால் கணக்கு" என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் தலையணை பறந்து வரும். அன்றைக்கு வரவில்லை. "எப்போலேர்ந்து?" என்றாள். எது என்றேன். "அவளுக்கு எப்போலேர்ந்து மரத்துப்போயிருக்கு?" என்றாள்.

நீ கடைசியாக வந்திருந்தபோது வாசலில் உன் இடது செருப்பு கழன்று விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலில் செருப்போடு, ஒரு காலில் இல்லாமல் கூடம் முழுக்க நடந்தாய். மகாராணிக்குக் கவனம் எங்கேயோ இருக்கிறது என்று நான்தான் கேலி செய்தேன். உன் அம்மா அன்றைக்கே பார்த்திருக்கிறாள். படியிறங்கும்போது குனிந்து பார்த்துவிட்டுத்தான் இடது காலை வைக்கிறாயாம். குளியலறையில் வெந்நீர் சூட்டை வலது காலால்தான் பார்க்கிறாயாம். "செருப்பு போனதே தெரியாம வந்தா பாருங்க. நானும் அப்படித்தானே ஆரம்பிச்சேன்" என்றாள். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நானா நினைச்சுக்கறேன்னு நினைச்சேன்" என்றாள்.

அவள் ஆரம்பித்த கதை உனக்கே தெரியும். ஆபீஸ் அறிவிப்புப் பலகையிலிருந்து விழுந்த குண்டூசி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு அவள் பாதத்தில் ஏறியது. அதோடு நாள் முழுக்க ஃபைல் தூக்கி நடந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் தரையில் சிவப்பைப் பார்த்துவிட்டு, பல் செட்டுக்கு ஈறு செய்கிற சிவப்புக் குழம்பை நான்தான் கொட்டிவிட்டேன் என்று என்னைப் பிடி பிடி என்று பிடித்தாள். நானும் பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. இதைப் போனில் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நாங்களும்தான் சிரித்தோம். அந்தப் புண்ணில்தான் இரண்டு விரல் போயிற்று.

இதுவரை உனக்குத் தெரிந்தது. தெரியாதது இனிமேல். புண் ஆறவில்லை, மேலே ஏறிவிட்டது. அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கிறார்கள். உன் பந்தயம் முடிகிறவரை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்று அவளே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "என் காலைப் பத்தி எழுதுங்க. அவ காலைப் பத்தி எழுதினா படிக்க மாட்டா" என்றாள். அதனால் எழுதுகிறேன். நீ அழுதுகொண்டே இதைப் பிடித்திருந்தால் கொஞ்சம் உட்கார்ந்துகொள். இன்னும் இருக்கிறது.

கட்டு மாற்ற வருகிற நர்சம்மாவிடம், யாரோ ஒரு பெண்ணுக்கு என்று சொல்லி விசாரித்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அவள் ஒரு பார்வை பார்த்தாள். உன் அம்மாவுடையது சர்க்கரை, விழுந்த பிறகு மரத்துப்போவது வேறு, முதுகில் நரம்பு நசுங்கியிருக்கலாம், படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். சீக்கிரம் காட்டினால் வழி இருக்கலாம் என்றாள். "சீக்கிரம்னா போன வருஷமே" என்றும் சொன்னாள். அவள் அப்படித்தான், இனிக்க இனிக்கப் பேசமாட்டாள்.

இனி உன் பெடல். பெட்டியில் வலது பெடல் முழுசாக இருக்கிறது. இடது பெடலைப் பார், பொக்கை வாய். மேலும் கீழும் ஒரு முள் விடாமல் நானே கழற்றிவிட்டேன். பல் செட் வேலைக்கு வைத்திருக்கும் குட்டிக் கருவிகள் முதல்முறையாகக் குடும்பத்துக்கு உபயோகப்பட்டிருக்கின்றன. தயவுசெய்து அதை அப்படியே சைக்கிளில் மாட்டிவிடாதே, பழைய பெடலைவிட மோசமாக வழுக்கும். அங்கே எந்தக் கடையிலும் அதே முள் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். கோச்சுக்குத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டு அந்தப் பாறைச் சரிவில் இறங்க உன்னால் முடியும் என்பதும் தெரியும். என் அதிகாரம் இந்த முட்கள் அளவுதான். அவையும் ஒரு பல் செட் டப்பாவில் அடங்கிவிட்டன.

கோச்சின் நம்பர் என்னிடம் இருக்கிறது. போனைக் கையில் எடுத்தேன். உன் அம்மாதான் பிடுங்கி வைத்தாள். "அவ வாயால சொல்லட்டும். என்னைக் கேக்காம என் காலைப் பத்தி நீங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணினீங்களே, அப்ப எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள். கேலி எதுவும் செய்யாமல் போனை அவளிடமே விட்டுவிட்டேன். பத்திரிகையில் போடலாம், அவ்வளவு அபூர்வம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நர்சம்மா முதல் நாள் உன் அம்மாவுக்கு வைத்த பரீட்சை. கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டு. கண்ணை மூடு. கூட இருக்கிற யாரையாவது ஒவ்வொரு விரலாகத் தொடச் சொல். எந்த விரல் என்று நீ சொல்ல வேண்டும். உன் அம்மா முகத்தில் கை வைத்துக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் சரி. அப்புறம் நர்சம்மா அவள் கையைப் பிடித்து இறக்கி, கண்மேல் துண்டைக் கட்டிவிட்டுத் தொட்டாள். "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள் உன் அம்மா. அதற்குள் ஐந்து விரலும் தொட்டு முடிந்திருந்தது.

நீயும் கண்ணாமூச்சியில் விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறவள்தான். அவள் பெண்தானே. அதனால் துண்டு கட்டிக்கொள். எல்லா விரலையும் சரியாகச் சொல்லிவிட்டால் ஒரு போன் போடு, அந்த டப்பாவோடு நானே பஸ் ஏறி வந்து என் கையால் முள்ளை மாட்டித் தருகிறேன், எல்லார் முன்னாலும் தோப்புக்கரணமும் போடுகிறேன். தப்பாகிவிட்டால் போன்கூட வேண்டாம். கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பி வா. வாசல் படியை நீ எப்படி ஏறுகிறாய் என்று பார்த்தே தெரிந்துகொள்வோம், ஒன்றும் கேட்கமாட்டோம்.

அடுத்த வாரத்துக்கு முன்னால் வந்தால், உன் அம்மா உன்னை நின்றுகொண்டே வரவேற்பாள்.

உன் இரண்டு காலும் என்றைக்கும் உனக்குச் சொந்தமாக இருக்கட்டும், கண்ணே.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு,
அப்பா