தீப்பெட்டியில் கோத்த சொற்கள்

பீடி பற்றவைக்கலாம் என்று சட்டைப்பையில் கைவிட்டால் குச்சி இல்லாத தீப்பெட்டிதான் வருகிறது. உள்ளே உன் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: ‘மாற்றி’. காலையிலேயே உன்மேல் கோபம் வந்துவிட்டது. பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீ?

புது ரயில் பாதை வேலைக்காக ராயக்கோட்டை வந்து, எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தாய். சாயங்காலமானால் என் மகனை உட்காரவைத்து, காலித் தீப்பெட்டிகளில் சொல்லின் துண்டுகளை எழுதிப் போட்டு, ரயில் பெட்டிபோல நூலால் கோப்பாய். ‘வெப்ப’வோடு ‘மானி’. அடுத்து ‘அழுத்த’வோடு அதே ‘மானி’. “மானின்னா அளக்கறதுடா. அது ஒண்ணு தெரிஞ்சா பத்தைப் புடிச்சிக்கலாம்.”

“பாதை போட வந்தவன் பாடத்துக்கும் தண்டவாளம் போடறியா?” என்று நான் கிண்டலடித்தால், “எட்டாங்கிளாஸ் ஸ்டேஷன்லயே எறங்கின ஆளு, சும்மா இருய்யா” என்று என் வாயை அடைப்பாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன கொஞ்ச நாளில் கிருஷ்ணகிரியில் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வு என்றார்கள். பையன் புத்தகத்தை மூடிவிட்டான். “மாமா இல்லாம எனக்கு வராதுப்பா. நான் போகல.”

விடுவேனா? நானே பெட்டிகளை எடுத்து, ‘மின்’னோடு ‘மாற்றி’யைக் கோத்தேன். “கரண்டை மாத்தறது. அவ்ளோதான்!”

“எதுவா மாத்தும்?”

“வேற... கரண்டா.”

அவன் சிரிக்கக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தித் தீர்த்தேன். அடுப்படியிலிருந்து அவன் அம்மா, “தெரியலன்னு சொல்றதுக்கு இவ்ளோ சத்தமா?” என்றாள்.

“பேரு வாசல் வரைக்கும்தான் கொண்டுவிடும், உள்ள நாமதான் போகணும்” என்பாயே. பல்லைக் கடித்துக்கொண்டு, பம்புசெட்டுகளுக்காக ஊர்க்கோடியில் வைத்திருக்கும் மின்மாற்றிக்கு அவனை இழுத்துப்போனேன். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த வயர்மேன், “கரண்டு கரண்டுதாங்க. வோல்டேஜு, அதான் அழுத்தம், பெருசா வருது, உள்ள குறைச்சி அனுப்புது” என்றார்.

வீடு வந்ததும் பையன் ‘அழுத்த’ப் பெட்டியைத் தேடி எடுத்து, ‘மின்’னுக்கும் ‘மாற்றி’க்கும் நடுவில் கோத்தான்.

இன்று விடியற்காலையில் தேர்வுக்குப் பஸ் ஏறினான். கட்டுச்சோற்றோடு பெட்டிகளையும் கொடுத்தேன். ஒன்றை மட்டும் பிரித்து என் சட்டைப்பையில் போட்டான். “இது உன்கிட்டயே இருக்கட்டும்ப்பா. உனக்குத்தான் இன்னும் வரல.”

சாயங்காலம் வந்ததும், உள்ளே எப்படிக் குறைக்கிறது என்று கேட்கப்போகிறான். அதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நீ. தெரியாது என்பதைக் கத்தாமல் சொல்ல, காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.