தோட்டமுள்ள ஆஸ்பத்திரி

ஏப்ரல் 3, வியாழன்

விரிப்பு தேய்க்கும் இயந்திரம் இன்றும் பாதியில் நின்றுவிட்டது. ஓட்டலின் சலவை அறை முழுக்க ஈரத் துணி. மேற்பார்வையாளர் என்னவோ நான்தான் நிறுத்தினேன் என்பதுபோல் முறைத்தார். முறைக்கட்டும். இன்று எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நல்ல சேதி சொன்னார். அக்காவை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்களாம். தனி அறை, ஜன்னலுக்கு வெளியே தோட்டம், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இனி ரத்தம் எடுக்க மாட்டார்களாம், ஸ்கேன் கிடையாதாம். ஊசி குத்த இடமில்லாமல் அவள் கையைத் தடவித் தடவித் தேடுவார்களே, அது இனி இல்லை! டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேங்க்யூ, தேங்க்யூ என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். என் இங்கிலீஷைக் கேட்டு யார்தான் ஒரு மாதிரி பார்க்கவில்லை? இந்த நாட்டுக்கு வந்தும் அது சலவை அறை வாசலைத் தாண்டாது. விரிப்பு, உறை, கறை, சீக்கிரம் — அவ்வளவுதான் என் கையிருப்பு.

அக்கா படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 4

குட்டை போன் செய்தான். அக்காவின் ஒரே மகன். ஆறடிக்கு மேல் வளர்ந்தும் சின்ன வயதுப் பேர் போகவில்லை. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கரை தொட்டால்தான் அவன் குரல் கேட்கும்.

"சித்தி, இங்கயே இறங்கிடட்டுமா? வேற ஆள் போட்டுக்கறேன்னு கேப்டன் சொல்லிட்டாரு."

"எதுக்குடா? பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துறாங்க. ஊசியெல்லாம் நிறுத்தியாச்சு. தேறிட்டா. நீ வேலைய முடிச்சுட்டு மெதுவா வா."

"நிஜமாவா?"

"உங்கம்மா மேல சத்தியமா."

சிரித்தான். அடுத்த துறைமுகம் ரொம்ப தூரமாம், நடுக்கடலில் போன் எடுக்காதாம். ஆகட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

மாற்றியாயிற்று. வண்டியிலிருந்து அவளை இறக்கியவர்கள் பூக்கூடையை இறக்குவதுபோல் இறக்கினார்கள். மருந்து வாடையே இல்லை. விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி), எங்கள் ஓட்டலில்கூட இத்தனை மெத்தென்று கிடையாது. இங்கே எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். யாருக்கும் அவசரமில்லை.

அக்கா கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள்.

ஏப்ரல் 9

கஞ்சி வேண்டாம் என்கிறாள். புது இடம், பழக வேண்டாமா?

ஏப்ரல் 11, வெள்ளி

எப்படி எழுதுவது இதை.

மூன்று நாளாக டாக்டர் யாரும் வந்து சோதிக்கவில்லை. நர்சிடம் போய்க் கேட்டேன்: அடுத்த ஸ்கேன் எப்போது, வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள். அவள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு என்னை வெளியே தோட்டத்துப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். சின்னப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன வார்த்தையாக எடுத்துச் சொன்னாள். இது ஹாஸ்பிடல் இல்லை. ஹாஸ்பிஸ்.

நான் தலையாட்டினேன். ஆமாம், ஹாஸ்பிடல்.

இல்லை, என்றாள் அவள். மறுபடி சொன்னாள். ஹாஸ்பிடலில் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். குணப்படுத்த இனி வழியில்லை என்று ஆனபிறகு, வலிக்காமல் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம் ஹாஸ்பிஸ்.

கடைசிவரை.

பாதி வார்த்தை ஒன்றுதானே. வால் மட்டும்தானே வேறு. டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். என் அக்கா சாகப்போகிறாள் என்று சொன்னவரின் கையைப் பிடித்து நான் தேங்க்யூ சொல்லியிருக்கிறேன்.

எத்தனை நாள், என்று கேட்டேன். வாரங்கள் என்றாள். அதிலும் இழுத்தாள்.

குட்டை! அவன் இறங்கி வருகிறேன் என்றானே. நான்தானே வேண்டாமென்றேன். சத்தியம் வேறு பண்ணினேனே, பாவி. இப்போ அவன் எந்தக் கடல்ல இருக்கானோ.

ஏப்ரல் 12

நாலு தடவை, ஐந்து தடவை, எத்தனை தடவை என்று தெரியாது. போன் போகவே இல்லை. பிறகுதான் புத்தி வந்தது, கப்பல் கம்பெனி.

சனிக்கிழமை. யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சலவை அறை இரைச்சலில் பேச முடியாதென்று சோப்பு வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கம்பெனியில் ஒருவன் எடுத்தான். மதர் சிக், சன் ஷிப், கம் ஹோம் என்றேன். அவன் அலுப்பாக என்னவோ கேட்டான். ஹாஸ்பிடல் என்பது மட்டும் புரிந்தது.

வாய் ஆமாம் என்று சொல்லப் போய்விட்டது. பிடித்து நிறுத்தினேன்.

"நோ. நோ ஹாஸ்பிடல். ஹாஸ்பிஸ்."

புரியவில்லையோ என்று வாலை அழுத்தி இன்னொரு முறை சொன்னேன். அவன் குரல் மாறிவிட்டது. கப்பல் பேர், குட்டை பேர் எல்லாம் கேட்டான். கேப்டனுக்கு இப்போதே சொல்கிறோம், வழியில் முதலில் வரும் துறைமுகத்தில் இறக்கி விமானம் ஏற்றிவிடுகிறோம் என்று எனக்குப் புரியும்வரை மெதுவாகச் சொன்னான். வெளியே வந்தபோது மேற்பார்வையாளர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்துபோனார்.

ஏப்ரல் 17

தூக்கம்தான் பெரும்பாலும். விழித்தால் ஜன்னலைப் பார்க்கிறாள். தலைமுடியைக் கோதிவிட்டேன்.

"ஏண்டி கண்ணு இப்படி வீங்கியிருக்கு?"

"சோப்புத் தூள் பட்டுருச்சு."

"குட்டை?"

"வந்துக்கிட்டே இருக்கான்."

"நீ வரச் சொன்னியா?"

ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டாமா? சொல்லத்தான் வேண்டும். யார் சொல்வது? எந்த வாயால்?

ஏப்ரல் 19

இன்னும் வரவில்லை. இன்று தண்ணீர்கூட பஞ்சில் நனைத்துத்தான். அக்கா, போயிடாதே. நான் பண்ணினதுக்கு அவனைத் தண்டிக்காதே.

ஏப்ரல் 20

வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். யார் யாரோ.

ஏப்ரல் 22, செவ்வாய்

வந்துவிட்டான். பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் மண்டியிட்டான். "அம்மா" என்றான், கேட்கவில்லை. "அம்மோவ்" என்று உரக்கக் கூப்பிட்டான். கண் திறந்தது.

"என்னடா தாடி, பிச்சைக்காரனாட்டம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் என் பக்கம் திரும்பி, "அம்மாகிட்டக் கொஞ்சம் தனியா இருக்கேன்" என்றான். சித்தி என்று கூப்பிடவில்லை. வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே வெகுநேரம் பேச்சுக் குரல். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

ஏப்ரல் 24

அவள் மறுபடி விழிக்கவில்லை. அவன் என்னோடு பேசவுமில்லை.

ஏப்ரல் 25

காலையில். வெயில் வந்தபிறகு. அவள் கை அவன் கையில் இருந்தது.

மே 3, சனி

அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். குட்டை எதிரே வந்து உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தான். தப்புத்தப்பாக. நான் பிரித்து மறுபடி மடித்தேன்.

"அம்மாவுக்கு முதல்லயே தெரியும், சித்தி."

என் கை நின்றது.

"டாக்டர் சொன்ன அன்னிக்கே புரிஞ்சிருச்சாம். பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்களை அங்கதான் கூட்டிட்டுப் போனாங்களாம், அவங்க பொண்ணு அழுதுக்கிட்டே நின்னுச்சாம்."

"அப்ப ஏண்டா அவ வாயத் திறக்கல?"

"நீங்க டாக்டர் கையப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சீங்களாமே. இவ சிரிச்சு எத்தனை மாசமாச்சு, இன்னிக்கு ஒரு நாள் சிரிச்சுட்டுப் போகட்டும், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டாங்களாம். மறுநாள் அதைவிட சந்தோஷமா வந்து நின்னீங்களாம். அப்படியே தள்ளிப் போயிருச்சாம்."

முதலில் கோபம்தான் வந்தது. அவள் மேல் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் சலவை அறையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்த அந்த ஒரு வாரத்துக்காகவா அவள் தன் பிள்ளையைக்கூடக் கூப்பிடாமல் கிடந்தாள்? தனியாக அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு?

"உங்ககிட்ட இதைச் சொல்லச் சொன்னாங்க. நான் வந்த அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் சொல்லல." சட்டையை மடியில் வைத்துக்கொண்டான். "அவ்வளவு கோவம் எனக்கு."

இருக்கத்தானே செய்யும் என்றேன். அடுத்த சட்டையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

மே 12

குட்டை கப்பலேறினான்.

மே 29, வியாழன்

மத்தியானம் போன் அடித்தது. இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சோப்பு அறைக்கு ஓடினேன்.

"சித்தி, கரைக்கு வந்துட்டோம். உடம்பு நல்லா இருக்கு. சாப்ட்டேன்."

அவ்வளவுதான், வைத்துவிட்டான். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், இதுவரை, அவன் இதை என் அக்காவுக்குத்தான் சொல்லிவந்தான்.